நாய்க்குட்டிப் பெட்டிக்குப் பூனை மணல் அனுப்பியது குறித்த புகார்

வாடிக்கையாளர் குறைதீர்க்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். உங்கள் சாட்டில் என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று காட்டுகிறது. எதுவும் தீரவில்லை.

நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதற்காக உங்களிடம் வாங்கிய அந்தப் பெரிய சைஸ் பெட்டியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதில் நிரப்ப அதோடு வந்த காகித உருண்டைகளும் நன்றாகவே இருந்தன. எங்கள் பொம்மி ஸ்பிட்ஸ் குட்டி. தடுப்பூசி முழுதாக முடியும்வரை, அதாவது 16 வாரம் ஆகும்வரை, குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸ் நோய்ப் பயத்தால் தெருவில் இறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடி, பெட்டியில் விட்டு, போனதும் கொஞ்சி ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துப் பழக்கினோம். ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்தேன். கடைசியில் தானாகவே போய் உட்கார ஆரம்பித்தாள்.

அப்போதுதான் உங்கள் இரண்டாவது மூட்டை வந்தது. உள்ளே பூனை மணல். மூட்டையின் மேல் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கருக்கு வெளியே பூனையின் காது அப்படியே தெரிகிறது! ஈரம் பட்டதும் ஊதிக் கட்டியாகும் பென்டோனைட் மணல் அது. குட்டி எதையும் வாயில் போடும் என்று உங்களுக்குத் தெரியாதா? வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துவிடும். பொம்மி அதை முகர்ந்து, தோண்டி, ஒரு வாய் கவ்விவிட்டாள். விரலை விட்டு வழித்து எடுத்தேன். கை நடுங்கியது.

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். “மணல்னா மணல்தானே மேடம், நாய்க்கு என்ன வித்தியாசம் தெரியப் போகுது? கீழ தெருவுல விடுங்க, தானா பழகிடும்” என்றார் உங்கள் ஆள். நாய்க்குட்டிக்கென்று பெட்டி விற்கும் கம்பெனியில் இருந்துகொண்டு பேசும் பேச்சா இது? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனையும் வைத்துவிட்டார். சின்ன வயதில் காலுக்கு எது பழகுகிறதோ அதைத்தான் நாய் பிறகும் தேடும். இப்போது பெட்டியைக் கண்டாலே விலகிப் போகிறாள். மாமியாரின் பாயும் சோபாவும் நாசம். எங்கள் உழைப்பு முழுக்க மண்ணாகிவிட்டது, வீடே குடியிருக்க லாயக்கில்லாமல் போய்விட்டது.

அப்புறம் அந்த அம்பத்தூர் அலைச்சல். மூட்டையை நேரில் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னது நீங்கள்தான். 10 கிலோ மூட்டையைப் பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உங்கள் குடோன் வாசலுக்கு வந்தால், கஸ்டமரை உள்ளே விடுவதில்லை என்கிறார் வாட்ச்மேன். அவர் மேல் தப்பில்லை, எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார். அங்கிருந்து போன் செய்தால் உங்கள் பாட்டுதான் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அது வீட்டில் தனியாகக் கிடக்க, நான் வெயிலில் மூட்டையோடு நின்றேன். தெருவில் விடச் சொன்ன அந்த ஆளை ஒருநாள் அப்படி நிற்க வைக்க வேண்டும்.

தயவுசெய்து கவனியுங்கள். மூட்டையை நீங்களே வந்து எடுத்துக்கொண்டு, காகித உருண்டைகளை அனுப்புங்கள். ஆட்டோ செலவையும் சோபா சுத்தம் செய்த செலவையும் கொடுங்கள். அந்த அழைப்பின் பதிவைக் கேட்டுவிட்டு, அவரை எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் இதே ஸ்டிக்கரோடு மூட்டை போயிருந்தால் உடனே திரும்பப் பெறுங்கள், ஏதாவது ஒரு குட்டி செத்துப்போவதற்கு முன்.

2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பில், மூட்டையின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை, உங்கள் பெட்டி நல்ல பெட்டி.

வரும் சனிக்கிழமைக்குள் ஆள் அனுப்புங்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இனி நான் அம்பத்தூர் வர மாட்டேன்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாடிக்கையாளர்