உணவு நிறுத்தத்தின் நேரத்தைப் பயணச்சீட்டில் அச்சிடுங்கள்: ஒரு திறந்த மடல்

நெடுந்தொலைவுப் பேருந்துகளை இயக்கும் நிர்வாகத்தினருக்கும், அவை எந்தச் சாலையோர உணவகத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இரவுப் பேருந்தில் பயணம் செய்பவர்கள் உணவு நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லும் குறைகள் உங்களுக்குப் புதியவை அல்ல. புகார்ப் புத்தகங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் அவை பல ஆண்டுகளாக உங்களை வந்தடைந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆகவே அவற்றை முதலிலிருந்து விவரித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. சென்ற மாதம் என் தாயாருடன் நான் செய்த ஒரு பயணத்தில் நடந்ததை மட்டும் சொல்லி, அதிலிருந்து எழும் ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். உணவுக்காகப் பேருந்து எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்ற மூன்று விவரங்களையும் பயணச்சீட்டிலேயே அச்சிட்டுத் தாருங்கள், அச்சிட்டதைக் கடைப்பிடியுங்கள்.

என் தாயாருக்கு வயது 68. பதினோரு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கும் வகையை உணவுக்கு ஏறத்தாழ 30 நிமிடங்களுக்கு முன்பு போட வேண்டும். உடலில் மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரமும் உணவிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் சேரும் நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. வீட்டில் இது ஒரு சிரமமே இல்லை; அடுப்பில் உலை கொதிக்கும்போது ஊசியைப் போட்டுக்கொள்வார், சோறு இறக்கும்போது சாப்பிட உட்கார்ந்துவிடுவார். பேருந்தில் அந்த அடுப்பு எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மாலை 5.30 மணிக்குப் பேருந்து புறப்பட்டது. ஏழே முக்காலுக்கு நான் நடத்துநரிடம் சென்று, விவரத்தைச் சொல்லி, இரவு உணவுக்கு எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "இன்னும் முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுவோம், அம்மாவை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று அவர் கனிவோடுதான் சொன்னார். அவரை நம்பி எட்டு மணிக்கு என் தாயார் ஊசியைப் போட்டுக்கொண்டார். எட்டரைக்குச் சற்று முன்பு ஒரு சிற்றூரைக் கடந்தோம். சாலையை ஒட்டி ஓர் உணவகம் விளக்குகளோடு திறந்திருந்தது. முந்தைய பயணங்களில் எங்கள் பேருந்து நின்ற அதே இடம். அம்மாவும் அதை அடையாளம் கண்டு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேருந்து வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டது. பதறிப்போய் ஓடிக் கேட்டபோது, சில நாட்களாக நிறுத்தம் வேறோர் உணவகத்துக்கு மாறிவிட்டது என்றும், வழக்கமாக அந்த வண்டிக்கு வரும் நடத்துநர் விடுப்பில் இருப்பதால் தனக்கு ஏறிய பிறகுதான் இது தெரியவந்தது என்றும் அவர் வருத்தத்துடன் கூறினார். தன் வண்டி எங்கே நிற்கப்போகிறது என்பது அதன் நடத்துநருக்கே தெரியாதிருந்தால், பயணி யாரிடம் போய்க் கேட்பது?

ஒன்பது மணி கடந்தபோது அம்மாவுக்கு வியர்க்கத் தொடங்கியது. சன்னலோரம் காற்று வந்துகொண்டிருந்தும் கழுத்தும் முதுகும் நனைந்துவிட்டன. விரல்கள் நடுங்கின. நான் கேட்டதற்குத் தொடர்பில்லாத பதில்களைச் சொன்னார். ஒருமுறை என்னை என் சித்தியின் பெயர் சொல்லி அழைத்தார். கையில் இருந்த கருவியில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 58 என்று காட்டியது. 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே ஆபத்தின் தொடக்கம் என்றும், உடனே 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் நான்கு மிட்டாய்கள் இருந்தன. முன் இருக்கையில் இருந்த ஒரு கல்லூரி மாணவி தன்னிடம் இருந்த பழச்சாற்றுப் புட்டியைக் கேட்காமலேயே எடுத்து நீட்டினார். அந்தப் பெண் அன்று அந்த இருக்கையில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்னும் இரவுகளில் நினைத்துப் பார்க்கிறேன். மிட்டாயை மறந்திருந்தால் அது என் தவறு. கூடுதலாக எடுத்துச் செல்லாததும் என் தவறே. ஆனால் எட்டு மணி ஊசிக்கு எட்டரை மணி உணவு கிடைத்திருக்குமானால் இந்தத் தவறுகளுக்கு இடமே வந்திருக்காது.

9.35 மணிக்குப் பேருந்து நின்றது. "15 நிமிடம்தான்" என்று அறிவித்தார்கள். அங்கே எங்களுக்கு முன்பே இரண்டு பேருந்துகள் நின்றிருந்தன. பரிமாறுவதற்கு இரண்டே பேர். அவர்களில் மூத்தவர், அம்மாவின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, வரிசையில் காத்திருந்தவர்களிடம் சொல்லி ஒரு தட்டை முதலில் எங்களுக்குக் கொண்டுவந்து வைத்தார். அப்படியும் தட்டு வந்து சேர 11 நிமிடங்கள் ஆயின. அம்மா பாதி சாப்பிடுவதற்குள் ஒலிப்பான் அடிக்கத் தொடங்கிவிட்டது. விட்டு விட்டு, பொறுமையிழந்த அந்த ஒலி மூன்றாவது முறை கேட்டபோது அவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். "எனக்காக இத்தனை பேர் காத்திருக்க வேண்டாம்" என்றார். ஒரு மணி நேரம் முன்புவரை தெளிவாக இருந்த ஒரு முதியவர், நினைவு தடுமாறி மீண்ட சில நிமிடங்களில், பிறருக்குத் தொந்தரவாகிவிட்டோமே என்று கூச்சப்பட்டு, பாதித் தட்டோடு எழுந்து நடந்தார். அந்தக் காட்சிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

15 நிமிடத்தில் என்ன செய்ய முடியும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். எங்கள் பேருந்தில் 36 பேர் இருந்தோம். அவர்களில் 14 பேர் பெண்கள். பெண்களுக்கென அங்கே திறந்திருந்த கழிப்பறை ஒன்றே ஒன்று. ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் எங்கள் பேருந்துப் பெண்களுக்கு மட்டும் 28 நிமிடம் வேண்டும். மற்ற இரண்டு பேருந்துகளை நான் இதில் சேர்க்கவில்லை. உணவா, கழிப்பறையா என்று ஒவ்வொரு பெண்ணும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இப்படி நேரும் என்று முன்பே தெரிந்தவர்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். என் தங்கை அப்படித்தான் பயணம் செய்கிறாள். அவளைப் போல எத்தனையோ பேர். குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமைகள் என்று ஐக்கிய நாடுகள் பொது அவை 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை பேருந்து ஏறியவுடன் பயணியைவிட்டு இறங்கிப் போய்விடுவதில்லை.

ஓட்டுநருக்கும் இதே நிறுத்தம்தான் ஓய்வு. மாலை ஐந்தரைக்குச் சக்கரத்தைப் பிடித்தவர் ஒன்பது முப்பத்தைந்துக்குத்தான் இறங்கினார். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி ஓட்டவிடக் கூடாது என்பதைப் பொதுவிதியாகச் சொல்லும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1979-இலேயே ஏற்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி, நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 45 நிமிட இடைவேளை வேண்டும் என்கிறது. எங்கள் ஓட்டுநருக்குக் கிடைத்ததோ 15 நிமிடம். அதற்குள் அவர் உண்டு, முகம் கழுவி, மறுபடி இருக்கையில் ஏறி, ஒலிப்பானை அழுத்தவும் வேண்டியிருந்தது. ஊழியர்களுக்கு உணவகங்கள் தனி அறையில் இலவசமாக உணவு தருவது எல்லோரும் அறிந்ததே. இரவெல்லாம் எங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுபவருக்குச் சூடான உணவு கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதை நிறுத்தச் சொல்லி ஒருபோதும் கேட்க மாட்டேன். அந்த உணவை உங்கள் நிர்வாகமே தன் செலவில் கொடுத்துவிட்டால், எந்த இடத்தில் நிற்பது என்ற முடிவு பயணியின் தேவையை வைத்து எடுக்கப்படும் அல்லவா?

நேரம் குறித்து நிறுத்துவதால் உணவகத்துக்கும் நன்மை உண்டு என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எப்போது, எத்தனை பேருந்துகள் வரும் என்று தெரியாத சமையற்காரர் மாலையிலேயே மொத்தமாகச் சமைத்து வைக்கிறார்; வேறு வழியில்லை. சமைத்த உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரில் வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. பேருந்துப் பயணத்தில் வாந்தி வந்தால் மலைப்பாதையையும் வளைவுகளையும் குறைசொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதற்குக் காரணம் பல நேரங்களில் அந்தத் தட்டாகவும் இருக்கக்கூடும். உணவால் பரவும் நோய்களுக்கு உலகில் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர், அதாவது பத்தில் ஒருவர் ஆளாகிறார்கள் என்று அதே நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. எட்டரைக்கு 36 பேர் வருவார்கள் என்று எழுத்தில் தெரிந்தால், எட்டேகாலுக்கு உலையை இறக்கச் சமையற்காரரால் முடியும். இரண்டாவது கழிப்பறையின் பூட்டைத் திறந்து வைக்கவும் முடியும்.

விமானத்தில் சீட்டு எடுக்கும்போதே நீரிழிவு உள்ளவர்களுக்கான உணவை முன்பதிவு செய்யப் பல நிறுவனங்கள் வசதி தருகின்றன. தொடர்வண்டி எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. பேருந்தில் ஏறுபவர்கள் மட்டும் ஏன் இருட்டில் எங்கோ இறக்கிவிடப்பட்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாமல், கிடைத்ததை அள்ளி விழுங்கிவிட்டு ஓடிவர வேண்டும்? வசதி குறைந்தவர்கள்தானே பெரும்பாலும் எங்கள் பேருந்துகளில் வருகிறார்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் எங்காவது உங்கள் அலுவலக அறைகளில் படிந்திருக்குமானால், அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். இருக்கைக்கு நாங்கள் கொடுக்கும் பணத்தைப் பெறும்போது உங்கள் கணினி வினாடிக் கணக்கில் துல்லியமாக இருக்கிறது. புறப்படும் நேரத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்த பயணிக்காகப் பேருந்து நிற்பதில்லை. அந்தத் துல்லியத்தில் ஒரு பங்கை எங்கள் பசிக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் நோக்கம் யாரையும் தண்டிக்க வைப்பதன்று. அந்த நடத்துநர் பிறகு இருமுறை வந்து அம்மாவின் நலம் விசாரித்தார். தட்டை முந்தி வைத்த பெரியவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவர்கள் இருவரும் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். மேலே அமர்ந்து முடிவெடுப்பவர்களால் மட்டுமே செய்யக்கூடியதை உங்களிடம் கேட்கிறேன்: உணவு நிறுத்தம் எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதைப் பயணச்சீட்டில் அச்சிடுங்கள். நேரம் 30 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இடத்தை முடிவு செய்வதற்கு முன் உங்களில் ஒருவர் இரவில், முன்னறிவிப்பின்றி, அங்கே சென்று ஒரு வேளை உணவு உண்டு, கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வரட்டும். சாலை நெரிசலால் தாமதமாகும் என்றாலோ, நிறுத்தம் மாறுகிறது என்றாலோ, ஒரு மணி நேரம் முன்னதாகவே நடத்துநர் எழுந்து நின்று அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லட்டும். நெரிசல் உங்கள் கையில் இல்லை என்பது எங்களுக்குப் புரியும். சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் கண் பரிசோதனைக்காக அம்மா அதே வழித்தடத்தில் மறுபடி பயணம் செய்ய வேண்டும். முன்பதிவு செய்துவிட்டேன். சீட்டில் இருக்கை எண், ஏறும் இடம், இறங்கும் இடம், கட்டணம், விதிமுறைகள் என எல்லாம் இருக்கின்றன. உணவைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. பயணத்துக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்து, ஊசியை எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்வது என்பதை அவர் தெரிந்துகொள்ள உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்தில் பயணம் செய்யும் ஒரு தாயின் மகன்