ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்பவரே மீண்டும் இயக்கிவிட்டுப் போக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர், ஈரோடு, கோவை, கரூர் மாவட்டங்களில் வீட்டுக் கணினியிலேயே தொழிலையும் நடத்தும் குடும்பங்கள் ஏராளம். பகலில் ஜாப் ஒர்க் பில்லும் ஜி.எஸ்.டி. கணக்கும், மாலையில் பிள்ளைகளின் பாடமும், இரவில் வங்கிப் பணப் பரிமாற்றமும் ஒரே கணினியில்தான் நடக்கின்றன. அதில் புதிதாக எதையாவது நிறுவ வரும் டெக்னீஷியனும் சரி, தொலைபேசியில் வழிகாட்டும் சேவை மைய ஊழியரும் சரி, முதலில் சொல்வது "ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிக்குங்க" என்பதுதான். அந்தக் கொஞ்ச நேரம் எப்போது முடியும், அதை முடித்து வைப்பது யாருடைய வேலை என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கம்பக்கத்து வீடுகளின் கணினிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலை தருவது இதுவே.

ஆன்டிவைரஸை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று நான் வாதிடவில்லை. நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது அந்த நொடியிலேயே சோதிக்கிறது. அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிடுவதுடன், ஒரு நிரல் நடந்துகொள்ளும் விதத்தையும் கவனிக்கிறது. கருவிகளை இயக்க உதவும் டிரைவர் நிரலை நிறுவுவது, சிஸ்டம் ஃபோல்டரில் எழுதுவது, கணினிக்குள்ளேயே ஒரு போர்ட்டை, அதாவது தகவல் வந்து போகும் வாசலைத் திறந்து காத்திருப்பது போன்ற செயல்களை வைரஸும் செய்யும், நேர்மையான மென்பொருளும் செய்யும். டிஜிட்டல் கையொப்பத்துக்கான, பென்டிரைவ் போன்ற யு.எஸ்.பி. டோக்கனின் மென்பொருள் இதற்குச் சரியான உதாரணம். கம்பெனியாகவோ வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகவோ (எல்.எல்.பி.) பதிவு செய்தவர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் இந்தக் கையொப்பத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். அரசு மின்-டெண்டர்களிலும் இது தேவைப்படுகிறது. அந்த டோக்கனுக்கும் பிரவுசருக்கும் இடையே பாலமாக இயங்கும் சிறு நிரலைச் சில ஆன்டிவைரஸ்கள் தடுத்துவிடுகின்றன. ஆன்டிவைரஸே பெரிய தவறு செய்ததும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பான எஸ்.வி.சி. ஹோஸ்ட்டையே வைரஸ் என்று கருதி அகற்றியதால், உலகெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி முடங்கின. ஆகவே, சில நேரங்களில் அதைச் சற்று ஒதுக்கி வைப்பது நியாயமான தேவைதான்.

ஆனால் அந்தத் தேவை எழும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 ரிட்டர்னுக்கு மாதத்தின் 11-ஆம் தேதியும், வரி கட்டும் 3பி ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதியும் கடைசி நாள்கள். தளம் திணறும் அந்த மாலை வேளையில் டோக்கன் வேலை செய்யவில்லை என்றால், ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வரும் முதல் யோசனை ஆன்டிவைரஸை நிறுத்துவதாகவே இருக்கிறது. ரிட்டர்ன் போய்ச் சேர்ந்ததும் எல்லோருக்கும் பெருமூச்சு. கணினியைப் பற்றிய நினைவு அத்தோடு போய்விடுகிறது. அன்றிரவு அதே கணினியில் வீட்டில் ஒருவர் பென்டிரைவைச் செருகுகிறார், இன்னொருவர் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்.

விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் இந்த மறதிக்கு ஓரளவு மாற்று ஏற்பாடு உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பகுதியில் மேனேஜ் செட்டிங்ஸைத் தேர்ந்து, ரியல்-டைம் புரொடெக்‌ஷன் என்ற விசையை நிறுத்தினால், சிறிது நேரத்தில் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும். நிறுத்தியிருக்கும் வேளையில் இறங்கும் கோப்புகள் மட்டும் அடுத்த ஸ்கேன் வரை சோதிக்கப்படாமல் கிடக்கும். டேம்பர் புரொடெக்‌ஷன் என்று இன்னொரு விசை அங்கேயே இருக்கிறது. வெளி நிரல்கள் நமக்குத் தெரியாமல் டிஃபெண்டரை முடக்கிவிடாமல் காப்பது அதுதான். மேற்சொன்ன தற்காலிக நிறுத்தத்துக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நெட் வழியாக வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தும் ஃபயர்வாலும் அப்படியே. ஆன்டிவைரஸோடு சேர்த்து ஃபயர்வாலையும் பழக்க தோஷத்தில் அணைத்துவிட்டுப் போகும் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். அதன் அவசியம் என்ன என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ்களின் நிலை வேறு. சென்னையில் 1991-இல் தொடங்கப்பட்ட கே7 ஆகட்டும், புனேயின் குவிக் ஹீல் ஆகட்டும், வெளிநாட்டுத் தயாரிப்புகள் ஆகட்டும், அவற்றில் ஒன்றை நிறுவியவுடன் டிஃபெண்டர் பெரும்பாலும் தானே விலகிக்கொள்கிறது. பிறகு அந்த ஒன்றையும் நிறுத்தினால் கணினி காவலே இல்லாமல் கிடக்கலாம். கடிகாரத்தின் அருகே உள்ள சிறு படத்தை ரைட் கிளிக் செய்தால், பல தயாரிப்புகளில் எவ்வளவு நேரத்துக்கு நிறுத்த வேண்டும் என்ற கேள்வி வரும். சில நிமிடங்கள், ஒரு மணி நேரம், அடுத்த ரீஸ்டார்ட் வரை, நிரந்தரமாக என்பது போன்ற தெரிவுகள் இருக்கும். இவற்றில் மிகக் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஆனால் அவசரத்தில் இருக்கும் டெக்னீஷியன், வேலை நடுவில் தடைபடக் கூடாது என்று நிரந்தரமாக நிறுத்துவதையே அழுத்துகிறார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் தெரிவு மாதக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது.

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. நிறுவ வேண்டிய கோப்பை, ஆன்டிவைரஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அக்கோப்பின் ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பகுதி இருக்கிறதா, அதில் அந்த நிறுவனத்தின் பெயரே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும் வைரஸ் டோட்டல் தளத்தில் அதை ஏற்றிப் பார்க்கலாம். அங்கே ஏற்றப்படுபவை பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கிடைக்கும் என்பதால், கணக்கு வழக்குகளையோ சான்றிதழ்களையோ மட்டும் ஏற்றிவிடக் கூடாது. அதன் பிறகு வைஃபையை நிறுத்தி அல்லது நெட் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு ஆன்டிவைரஸை நிறுத்துவதே பாதுகாப்பு. எதையும் திறக்காமல் சும்மா இருந்தால் வைரஸ் வராது என்று நினைப்பவர்கள், 2017 மே மாதத்தில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பாதித்த, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை என்ற தீநிரலை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்தைப் போடாத கணினிகள், எவரும் எதையும் சொடுக்காமலே, இணைப்பில் இருந்த ஒரே காரணத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிக்கொண்டன. நம் பகுதி வீடுகளில் விண்டோஸ் 10 கணினிகள் இன்னும் நிறைய இயங்குகின்றன. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அத்தகைய கணினிகளில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை.

முழுவதுமாக நிறுத்துவதற்குப் பதில், குறிப்பிட்ட ஒரு கோப்பை மட்டும் சோதனையிலிருந்து விலக்கும் எக்ஸ்க்ளூஷன் என்ற வசதி ஏறக்குறைய எல்லா ஆன்டிவைரஸிலும் இருக்கிறது. டோக்கன் மென்பொருள் அடிக்கடி தடைபடுகிறது என்றால், ஒவ்வொரு மாதமும் காவலை அகற்றுவதைவிட அந்த ஒரு நிரலை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்ப்பதே முறை. ஆனால் இந்த வசதிதான் மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும். ஒரு கோப்பைச் சேர்க்க வேண்டிய இடத்தில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதையும், சில கணினிகளில் சி டிரைவ் முழுவதையுமே சேர்த்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். டிஃபெண்டரின் ரியல்-டைம் காவலை நிறுத்தினாலாவது மூலையில் எச்சரிக்கைக் குறி தோன்றி நினைவூட்டும். விலக்குப் பட்டியலில் சி டிரைவையே போட்டு வைத்தாலோ எந்த எச்சரிக்கையும் வராது. எல்லாம் சரியாக இருப்பதாகப் பச்சைக் குறி காட்டிக்கொண்டே இருக்கும், ஒரு கோப்பும் சோதிக்கப்படாது. ஒருமுறை உள்ளே புகுந்த சில தீநிரல்கள் இந்தப் பட்டியலில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்வதும் உண்டு. வீட்டில் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். காரணம் தெரியாத பதிவு எதுவாக இருந்தாலும் நீக்கிவிடலாம். உண்மையிலேயே தேவைப்பட்டால் மறுபடி சேர்ப்பது எளிது.

திருட்டு மென்பொருள் பற்றியும் சொல்லியாக வேண்டும். எம்பிராய்டரி டிசைன், பேட்டர்ன் வரைதல், கணக்கு, புகைப்படத் திருத்தம் ஆகியவற்றுக்கான விலை உயர்ந்த மென்பொருள்கள் கிராக் செய்யப்பட்டு, அதாவது உரிமப் பூட்டு உடைக்கப்பட்டுப் பென்டிரைவில் கைமாறுவது தொழில் நகரங்களில் சாதாரணமாகிவிட்டது. அவற்றோடு வரும் குறிப்பின் முதல் வரியே ஆன்டிவைரஸை நிறுத்துங்கள் என்பதுதான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பாகத் தருவதும், உள்ளிருப்பதை ஆன்டிவைரஸ் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் பணயத் தீநிரல் பெரும்பாலும் இந்த வழியாகவே வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது. ஆவணங்கள், படங்கள், பில்கள் அனைத்தையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, 980 டாலர் கொடுத்தால் திறந்து தருவதாகவும், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலர் போதும் என்றும் ஃபோல்டர்தோறும் ஒரு குறிப்பை விட்டுச் செல்லும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த டிசைன்கள் ஒரே இரவில் போவதை ஒரு சிறு தொழிற்கூடத்தால் தாங்க முடியாது. ஆகவே, கிராக் நிறுவுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்துவதற்கு மட்டும் எந்த முறையும் எந்த எச்சரிக்கையும் பாதுகாப்பு ஆகாது. அதைச் செய்யவே கூடாது. கட்டணமில்லாமல் சட்டப்படி கிடைக்கும் மாற்று மென்பொருள்கள் பல துறைகளில் இருக்கின்றன.

வங்கியிலிருந்தோ மைக்ரோசாஃப்டிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலியை நிறுவவும் ஆன்டிவைரஸை நிறுத்தவும் கேட்பவர்களிடம் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிட வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டியதற்கு அதிக நேரம் ஆகாது. ஆன்டிவைரஸை இயக்கி, நெட்டை இணைத்து, அப்டேட் செய்து, ஒரு ஸ்கேன் ஓட்டினால் போதும். சந்தேகம் இருந்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்கலாம். அது கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். காவல் திரும்பிவிட்டதா என்று உறுதி செய்ய, ஐக்கார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற சோதனைக் கோப்பு ஒன்றைத் தருகிறது. அதை இறக்கும்போது ஆன்டிவைரஸ் கூச்சலிட்டால் அது விழித்திருக்கிறது என்று பொருள். டெக்னீஷியன் கிளம்பும் முன் இதைச் செய்து காட்டச் சொல்ல வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறும் முன், மின்சாரத்தை நிறுத்தி வைத்து வேலை செய்வதற்கான லைன் கிளியர் என்ற அனுமதியை எடுத்தவர், வேலை முடிந்ததும் தாமே அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மின்சாரம் விடப்படுகிறது. நிறுத்தியவரே இயக்க வேண்டும் என்ற அதே ஒழுங்கைக் கணினி பழுது பார்ப்பவர்களும் ஏற்க வேண்டும். எந்த நேரத்தில் நிறுத்தினார், எந்தக் கோப்பை விலக்கினார், எப்போது மீண்டும் இயக்கினார் என்ற மூன்று விவரங்களையும் சர்வீஸ் பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் வழக்கத்தைக் கோவை காந்திபுரத்துக் கடைகளும் மற்ற ஊர்க் கடைகளும் தொடங்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

பெரிய பொறுப்பு மென்பொருளை விற்பவர்களுடையது. தங்கள் நிரல் ஆன்டிவைரஸில் சிக்குகிறது என்று தெரிந்தும், வாடிக்கையாளரைக் காவலை அகற்றச் சொல்லியே ஆண்டுகளை ஓட்டுகிறார்கள். தவறாகப் பிடிக்கப்பட்ட கோப்பை அனுப்பி முறையிடுவதற்கு மைக்ரோசாஃப்டும் பிற ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் வழி வைத்திருக்கின்றன. நிரலுக்கு முறையான டிஜிட்டல் கையொப்பம் இட்டு, ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடும் முன் அங்கே அனுப்பிச் சரிபார்த்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி எழாது. அடுத்த முறை கணக்கு மென்பொருளோ டோக்கனோ புதுப்பிக்கும்போது, அதைச் செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுமாறு தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.