டோடோவுக்கு நடை பழக்குகிறோம்

வாக்வா, மொரீஷியஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வெண்கல வார்ப்பு வேலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நீ மெழுகு உரு செய்வதோடு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு. ஆனால் கடைசிப் பக்கத்தில் என்னை வம்புக்கு இழுத்திருக்கிறாயே! "சிலை என்றால் நிற்க வேண்டும், அதைக் கைப்பேசியில் ஏன் ஆடவிடுகிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதில் எழுதாமல் நலம் மட்டும் விசாரித்து முடிக்க என்னால் முடியாது. எழும்பூர் கவின் கலைக் கல்லூரி விடுதியிலேயே உன்னோடு விடிய விடிய வாதாடியவன் நான்.

முதலில் வீட்டுச் செய்தி. எல்லாரும் நலம். மகள் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வேலையில் சேர்ந்துவிட்டாள். பிரெஞ்சில் கணக்கு எழுதி, தீவுப் பேச்சுமொழியான கிரியோலில் சண்டை போட்டு, தொலைபேசியில் அம்மாவிடம் தமிழில் குறை சொல்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் கோவிலை ஒட்டிய கூடத்தில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, பாடம் முடிந்ததும் மண் வகுப்பு எடுக்கிறேன். மண் என்றாலும் பெரும்பாலும் பிளாஸ்டிசின்தான். உலராத மண் வேண்டும் என்று 1897இல் அதை உருவாக்கிய வில்லியம் ஹார்பட்டும் இங்கிலாந்தில் ஓர் ஓவிய ஆசிரியர்தான். ஒரே உருவைப் பலமுறை அசைத்துப் படம் எடுக்க வேண்டிய நமக்கு அது வசதி. சாதாரணக் களிமண் என்றால் பாதிப் படத்திலேயே முழங்கை வெடித்துவிடும்.

எங்கள் வேலை எளிது: மண் உருவைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் படங்கள் எடுத்து, அவற்றைக் கைப்பேசியில் ஓயாமல் சுற்றி ஓடும் ஜிஃப் படமாகச் சேர்ப்பது. கேக் அலங்கரிக்கப் பயன்படும் சுழல் தட்டு ஒன்றின் விளிம்பில் 30 பாகைக்கு ஒரு கோடாக 12 கோடுகள் போட்டுவைத்திருக்கிறேன். பிள்ளை செய்த உருவை நடுவில் வைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் ஓட்டினால் சிலை ஒரு நொடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் ஒரு பிள்ளை, சுற்று முழுமையாக வேண்டும் என்று 360 பாகையிலும் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னத் தடுக்கல். ஏன் என்று நான் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்த சிறுமி எழுந்து வந்து, "ஐயா, முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றுதானே, அது இரண்டு தடவை வருகிறது" என்றாள். 330 பாகையோடு நிறுத்தினால்தான் சுற்று ஒட்டும். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது என்று நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது.

இனி உனக்கான பதில். சுழல் தட்டில் வைத்த முதல் நாளே பிள்ளைகள் செய்த பிள்ளையார்களில் பாதிக்கு முதுகே இல்லை என்பது தெரிந்துவிட்டது. அவர்கள்மேல் தவறில்லை. அவர்கள் பார்த்து வளர்ந்தவை கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள். அவை சுவரோடு ஒட்டியவை, முன்பக்கம் மட்டும் பார்வைக்கு உரியவை. நான் ஆண்டுக்கணக்கில், "பின்பக்கத்தையும் பார், பக்கவாட்டையும் பார்" என்று கத்தியும் நடக்காத காரியம் ஒரு நொடி ஓடும் படத்தில் நடந்தது. வளைந்த வயிற்றுக்குப் பின்னால் தட்டையான பலகை போன்ற முதுகு திரும்பி வந்ததும் கூடமே சிரித்தது. செய்த பையனும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வாலோடு மூஞ்சூறும் செய்து கொண்டுவந்தான். அசையப் போகிறது என்று தெரிந்தால் பிள்ளை சிலையை எல்லாப் பக்கமும் செய்கிறது, எடை எந்தக் காலில் விழுகிறது என்று யோசிக்கிறது. நிற்கும் சிலையைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுக்கத்தான் நான் அதை ஆடவிடுகிறேன்.

இந்த ஊரில் ஒரு தொல்லை உண்டு. வாக்வாவின் வானம் உனக்குத் தெரியாது. வெயில், மேகம், தூறல், மறுபடி வெயில் என்று கால் மணி நேரத்தில் எல்லாம் வந்து போகும். சன்னல் ஒளியில் எடுத்தால் படம் ஓடும்போது விளக்கு அணைந்து எரிவது போல மினுக்குகிறது. ஆகவே சன்னலைக் கனத்த போர்வையால் மூடிவிட்டு, மேசை விளக்கில் எடுக்கிறோம். கைப்பேசியின் ஒளி அளவையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தானாக ஒவ்வொரு படத்தையும் திருத்திவைக்கும். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் அருகில் வரக் கூடாது என்பது எங்கள் கூடத்துச் சட்டம், ஏனென்றால் சட்டையின் வெளிச்சம் மண்ணில் விழுகிறது. பின்னணிக்கு ஒரே நிறக் காகிதம். ஜிஃப் கோப்பு 1987இல் வந்த பழைய வடிவம், ஒரு படத்தில் 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. பூப்போட்ட துணியைப் பின்னால் தொங்கவிட்டால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறுமியின் அம்மி. இங்கே அதைக் கிரியோலில் 'ரோஸ் காரி' என்பார்கள், கருங்கல்லில் செய்தது. பல வீடுகளில் இன்னும் மசாலா அதில்தான் அரைபடுகிறது, ஏழு கறிச் சாப்பாட்டின் ருசி அந்தக் கல்லில்தான் இருக்கிறது என்று இங்குள்ள பாட்டிமார் சாதிப்பார்கள். அவள் தன் பாட்டியைக் குழவியோடு செய்திருந்தாள். முன்னே தள்ளும் படங்களை எடுத்துவிட்டு அதையே பின்னோக்கி ஓட்டினால் வேலை பாதியாகக் குறையும் என்று ஒரு பையன் யோசனை சொன்னான். நல்ல யோசனைதான், ஊஞ்சலுக்குப் பொருந்தும். ஆனால் ஓட்டிப் பார்த்ததும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை: "பாட்டி இப்படி அரைக்க மாட்டார்கள்." தள்ளும்போது உடல் முழுக்கச் சாய்ந்து மெதுவாகப் போகும், இழுக்கும்போது கை மட்டும் லேசாகத் திரும்பும். கடைசியில் தள்ளுவதற்கு ஆறு படம், இழுப்பதற்கு மூன்று படம் என்று வைத்தாள். மொத்தம் முக்கால் நொடிதான். அதில் பாட்டியின் தோள் வலி தெரிகிறது! இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் வீட்டில் பார்த்ததுதான்.

மற்றவர்கள் எல்லாரும் செய்தது டோடோ, இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறக்காத பறவை. இந்தத் தீவில் மண்ணைக் கையில் கொடுத்தால் டோடோ வராமல் இருக்காது, கடைத்தெரு முழுக்க அதுதான் விற்கிறது. நான் சலித்துக்கொண்டேன். ஆனால் நடக்க வைக்க முயன்றபோது விஷயம் சுவையாகிவிட்டது. டோடோ எப்படி நடந்தது என்பதைப் பார்த்த ஆள் யாரும் உயிரோடு இல்லை. 1865இல் மயேபூர் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க் சதுப்பில் தேடி எடுத்த எலும்புகள்தான் நமக்குச் சாட்சி. பழைய ஓவியங்களில் அது கொழுத்து உருண்டு இருக்கிறது. காட்டில் வாழ்ந்த டோடோ அவ்வளவு பருமனாக இருந்திருக்காது என்பது பிற்கால ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி ஆடி அசைந்து நடக்கும் குண்டு டோடோ செய்தது, மற்றது கோழியைப் போலத் தலையை முன்னால் நீட்டி விரைந்து நடக்கும் ஒல்லி டோடோ.

நடை என்பது ஒரு காலுக்கு நான்கு நிலைகள்: பாதம் தரையைத் தொடுவது, எடை இறங்கி உடல் தாழ்வது, மற்றக் கால் கடந்து போவது, உடல் மேலெழுவது. இரண்டு காலுக்கும் எட்டுப் படம். ஒல்லிக்கு எட்டே போதும். குண்டுக்கு இடையிடையே சேர்த்துப் பதினாறு தேவைப்பட்டது. பறவை நடுவிலேயே நிற்க, அதன் கீழே தரைக்காகிதம் பின்னால் நகர்கிறது. அந்தக் காகிதத்தில் வரைந்த கோலமும் ஒரு சுற்று முடியும்போது சரியாக ஒரு கோல நீளம் நகர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தரை தாவும். காகிதத்தில் கரும்பும் வரைந்திருந்தார்கள். டோடோ காலத்தில் கரும்பு ஏது என்று ஒருவன் மறித்தான். தேடிப் பார்த்தோம். டச்சுக்காரர்கள் கரும்பைக் கொண்டுவந்தது 1639இல், டோடோவைக் கடைசியாகக் கண்டதாகப் பலரும் ஏற்கும் ஆண்டு 1662. ஆகவே கரும்பு இருக்கட்டும் என்று தீர்ப்பானது.

இன்னொரு செய்தி உன் தொழிலுக்கு நெருக்கமானது. எத்தியன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1887இல், பறக்கும் பறவையின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனிச் சாந்து உருவாகச் செய்து, வட்டமாக அடுக்கி, பிளவுகள் உள்ள பெரிய உருளைக்குள் சுழற்றிப் பார்த்தார். சினிமாவுக்கு முன்பே சிற்பம் பறந்துவிட்டது, நண்பா. பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அதைச் செய்தார்.

நீ வருத்தப்படுவது வேறு ஒன்றுக்கு என்று நினைக்கிறேன்: ஒரு படத்துக்காகச் செய்த நிலை அடுத்த படத்துக்காக அழிகிறதே என்று. அதைச் சொல்ல உனக்கு உரிமை கிடையாது. நீ வாரக்கணக்கில் இழைத்த மெழுகு உருகி ஓடிய பிறகுதானே உன் வெண்கலம் உள்ளே போகிறது? அச்சையும் உடைத்துவிடுகிறாய். இங்கே பிள்ளைகளின் விரல் ரேகைகள்கூடப் படத்துக்குப் படம் மாறி, மேற்பரப்பு முழுக்கச் சலசலத்துக்கொண்டே இருக்கிறது. சிலர் அதை வழித்து வழுவழுப்பாக்கச் சொல்கிறார்கள். நான் விடுவதில்லை. வழுவழுப்பு வேண்டும் என்றால் கணினியில் செய்துகொள்ளட்டும்.

ஒரு உதவி. உன் மெழுகுக் கலவையில் தேன்மெழுகுக்கு எவ்வளவு குங்கிலியம், எவ்வளவு கடலை எண்ணெய் சேர்க்கிறாய் என்று எழுது. ஜூலையில் இங்கே குளிர், பிளாஸ்டிசின் கல்லாகி மெல்லிய கொக்குக் கால்கள் ஒடிகின்றன. கையின் சூட்டில் இளகி விளக்கின் சூட்டில் சாயாத பதம் வேண்டும். உங்கள் ஊர் வெயிலுக்கு வைக்கும் அளவு இங்கே சரிப்படாது, அதனால் மார்கழியில் வைக்கும் அளவையும் சேர்த்து எழுது.

இரண்டு டோடோக்களையும் உன் மகனின் வாட்ஸாப்புக்கு அனுப்பியிருக்கிறேன். சிலை பார்த்துப் பழகிய கண் உன்னுடையது, எது நம்பும்படி நடக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும் எனப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். குண்டு டோடோக் கட்சி இப்போதே தோரணையோடு திரிகிறது.

உன் பழைய அறைத்தோழன்