சுவர் எழுப்பும் முன் மேலே ஏறிப் பார்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்காமல் இன்னொரு செங்கல் சுவர் எழுப்பப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அவசரத்துக்குப் பிறந்தவன் நீ.

இங்கே சுங்கை சிப்புட்டில் எங்களுக்கும் இதே தொல்லைதான். ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், பக்கத்து வீட்டில் உறுமி பழகுவார்கள். தைப்பூசத்துக்கு வாசிக்கிற நல்ல பிள்ளைகள்; நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. வந்த கான்ட்ராக்டர் சுவரைத் தட்டிப் பார்த்து, இரட்டைச் சுவர் என்று பெரிய தொகை சொன்னார். நம் பெரியசாமி அண்ணன்தான் டார்ச்சோடு சிலிங்குக்கு மேலே ஏறினார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் கூரை வரை போகவே இல்லை! சிலிங்குக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. அவர்கள் சிலிங் வழியாக ஏறுகிற சத்தம் எங்கள் சிலிங் வழியாக இறங்குகிறது. கீழே எத்தனை சுவர் கட்டி என்ன?

பூசிய செங்கல் சுவர் 45 டெசிபல் அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கும். அதன் பரப்பில் 1 சதவீதம் திறந்து கிடந்தால் போதும், அந்தக் குறைப்பு 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். இடைவெளிதான் முக்கியம், சேகர்.

அதனால் நடுச்சுவரைக் கூரைத் தகரம் வரை கல் வைத்து உயர்த்திப் பூசினோம். தகரத்தின் நெளிவுகளில் ராக்வூலை (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) இறுக்கித் திணித்தோம். ஸ்ப்ரே ஃபோம் வேண்டாம், கனமே இல்லாத பொருள், சத்தத்தை நிறுத்தாது. முதுகோடு முதுகாக இருந்த பிளக் பெட்டிகளில் ஒன்றைத் தள்ளி வைத்து, பழைய துளையைச் சிமெண்டால் அடைத்தோம். சுவரும் சிலிங்கும் சேரும் விளிம்பில், காய்ந்தாலும் இறுகாத சீலன்ட் பசை பூசினோம். பேச்சும் டிவியும் இப்போது கேட்பதில்லை. உறுமியின் ‘தும்’ மட்டும் லேசாக வருகிறது. சுவரும் தரையும் அதிர்ந்து வருவது அது, இடைவெளியை அடைத்தால் போகாது.

இன்னொன்று. கூரைக்கடியில் திறந்து கிடந்தால் சத்தம் மட்டுமா போகும்? ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசை முழுக்க ஓடும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த நமக்கு அந்தப் பயம் தெரியும். சத்தத்தை விட்டாலும் இதற்காகவாவது அந்தச் சுவரை உயர்த்து.

உன் வீட்டுச் சிலிங் பழைய கல்நார் தகடாக இருந்தால் நீயாக அறுக்காதே, துளை போடாதே. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதலில் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. மேலே எடுத்த போட்டோவை அனுப்பு, அண்ணனிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமரன்