தட்டுக்கு 5 ரூபாய் ஏன் கூடியது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் 98 குழி கொண்ட மிளகாய், தக்காளி நாற்றுத் தட்டுக்கு 5 ரூபாய் கூடுதலாக வாங்குகிறோம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்த நிலங்களுக்கான நாற்றைச் சற்று வேறு விதமாக வளர்க்கத் தொடங்கியிருக்கிறோம், அந்தச் செலவுதான்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்கள், அந்தக் கழிவோடு நிலத்தில் சேரும் உலோகமான குரோமியத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "குரோமியத்துக்கு மருந்து இருக்கிறதா?" என்பதுதான். இல்லை. இருப்பதாகச் சொல்லி யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள், நீட்டுவது நாங்களாகவே இருந்தாலும்.

இலை நுனி கருகினால் உடனே குரோமியத்தின் மேல் பழி போட வேண்டாம். தோல் பதனிடும் கழிவில் உப்பு மிக அதிகம். கருகலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். உப்பின் அளவை மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துவிடலாம். குரோமியம் வழக்கமான பரிசோதனையில் வராது. தனியாகக் கேட்க வேண்டும். குரோமியம் முதலில் அடிப்பது வேரைத்தான். நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் நீளாமல், பக்கவேர் குறைந்து, பழுப்பேறி இருந்தால் சந்தேகப்படலாம்.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிற (Cr III) வகை பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். குரோமேட் எனும் குரோமிய உப்பு ரசாயனக் கழிவில் வரும் ஆறிணைதிற (Cr VI) வகைதான் பொல்லாதது. அது நீரோடு நகரும். பயிர் கந்தகச் சத்தை இழுக்கும் அதே வாசல் வழியாக வேருக்குள் புகுந்துவிடும். நன்கு மட்கிய தொழு உரம் இந்தப் பொல்லாத வகையை, மண்ணைப் பற்றிக்கொள்ளும் மற்ற வகையாக மாற்ற உதவுகிறது. ஏக்கருக்கு 5 டன், கடைசி உழவில். சுண்ணாம்பைப் பலர் கேட்கிறார்கள். காட்மியமோ ஈயமோ உள்ள புளிப்பு மண்ணுக்கு அது சரி. ஆறிணைதிறக் குரோமியம் உள்ள மண்ணில் போட்டால் அதன் நடமாட்டம் கூடத்தான் செய்யும்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். தென்னை நார்க் கழிவை நல்ல தண்ணீரில் அலசி, வேம் (VAM) எனப்படும், பயிருக்குத் துணைசெய்யும் வேர்ப் பூஞ்சாணத்தைக் கலந்து, நாற்றை 25 நாள் வளர்க்கிறோம். இளவேர் கெட்ட மண்ணைத் தொடும் முன்பே அந்தப் பூஞ்சாணம் துணைக்கு வந்துவிடுகிறது. நட்டதும் மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிப் போட்டாலோ, பூஞ்சாணக் கொல்லியை ஊற்றினாலோ அந்தப் பூஞ்சாணம் நலிந்து, எங்கள் உழைப்பும் உங்கள் 5 ரூபாயும் வீண்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாங்கி வளரும் நாற்று மண்ணிலுள்ள உலோகத்தை அழிப்பதில்லை. பயிர் எடுத்துக்கொள்ளும் குரோமியத்தில் பெரும்பங்கு வேரிலேயே தங்கும், காய்க்குக் குறைவாகவே போகும். ஆகவே முள்ளங்கிக்கும், வேரோடு பிடுங்கிக் கட்டும் முளைக்கீரைக்கும் அந்த நிலங்களுக்கு இனி விதை தர மாட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். யாரும் உண்ணாத பூப்பயிரான செண்டுமல்லி நாற்று கேளுங்கள், தருகிறோம்.

நடவுக்கு 30 நாள் முன்னதாகவே முன்பதிவு செய்ய வாருங்கள். மண் பரிசோதனைச் சீட்டையும், கிணற்றுத் தண்ணீர்ச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நாற்றுப் பண்ணையிலிருந்து