அப்பாவுக்கு நாற்காலி போட்டவர்களுக்கு

அன்புள்ள மினியாபொலிஸ் நண்பர்களே,

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, என் அப்பாவை ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்புக்கு ராக் கச்சேரி கேட்கக் கூட்டிப் போனேன். அந்த இரவு நல்லபடியாக நடக்க நீங்கள் பலர் கை கொடுத்தீர்கள். பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கேயே நன்றி சொன்னேன்தான், ஆனால் அந்தச் சத்தத்தில் யார் காதில் விழுந்ததோ. கிளப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தனியாக அனுப்பிவிட்டேன். உதவியவர்களில் நம் ஆட்களும் உண்டு என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். அப்புறம், மதுரையில் இருக்கும் தன் பழைய ஆர்கெஸ்ட்ரா கூட்டாளிகள் இதைப் படிக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார்.

அப்பாவுக்குப் பகலில் மின்வாரியத்தில் வேலை. திருவிழாக் காலம் வந்துவிட்டால் இரவெல்லாம் மேடை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் மதுரையைச் சுற்றி எங்கே மாரியம்மன் பொங்கல், காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும் தாழ்ந்த, கனத்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டாருக்கென்று தனி நடை வந்துவிட்டிருந்த காலம் அது. ரேடியோவில் புதுப் பாட்டு வந்தால் வீட்டில் எல்லோரும் பல்லவியை முணுமுணுப்போம், அவர் மட்டும் அடியில் ஓடும் பேஸைத் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார். முழங்கால் வலி வந்த பிறகு மேடை நின்றது. கிட்டாரும் சொந்தக்காரப் பையன் ஒருவன் கைக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கும் இந்த ஊரில் அவருக்கு இதுதான் முதல் குளிர்காலம். மேப்பிள் குரோவ் கோயில், டாக்டர், வீடு, அவ்வளவுதான் நடமாட்டம். மற்ற நேரமெல்லாம் சமையலறையில் ரேடியோ. அதனால் என் முதல் நன்றி 89.3 தி கரன்ட் வானொலிக்கு. 2005 முதல் ஓடும் நிலையம், உள்ளூர்ப் பேண்டுகளின் பாட்டை வெளியூர்ப் பாட்டுகளோடு சேர்த்தே போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் இசைக்கென்றே தனி நிகழ்ச்சியும் உண்டு. ஒருநாள் அப்பா தோசைக்கல்லை அணைத்துவிட்டு நின்று ஒரு பாட்டைக் கேட்டார். "யாரும்மா இவங்க?" என்றார். "இந்த ஊர்ப் பசங்கதாம்ப்பா" என்றேன். "இந்த ஊரா? அப்ப நேர்ல போய்ப் பாக்கலாமே!"

கேட்டுவிட்டார், சரி. ஆனால் வெளியே மைனஸ் இருபது டிகிரி. அவர் கொண்டுவந்திருந்த ஸ்வெட்டர் கொடைக்கானலுக்குத்தான் சரிப்படும். ஈகனில் இருக்கும் அக்கா, உங்கள் மாமனாருடைய நீளக் கோட்டையும் பூட்ஸையும் கம்பளி சாக்ஸோடு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தீர்கள். அப்பாவைச் சோபாவில் உட்காரவைத்து, பூட்ஸுக்குள் பேன்ட் நுனியை எப்படிச் சொருகுவது என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். கச்சேரி முடியும்வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டு, ரசம் சாதம் ஊட்டித் தூங்கவைத்த பக்கத்துத் தெருத் தங்கைக்கும் நன்றி.

கிளம்பும் நேரத்தில் கார் நகரவில்லை. பனி தள்ளும் வண்டி போன பிறகு தெரு ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு கரை நின்றிருக்கும் இல்லையா, அதில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டுப் பெரியவர் நான் கூப்பிடாமலே மண்வாரியோடு வந்தார். நாயோடு நடந்துபோன இரண்டு இளைஞர்கள் நாயை வேலியில் கட்டிவிட்டுப் பின்னால் நின்றார்கள். பூனைக்கு வைக்கும் மணல் ஒரு பை எங்கிருந்தோ வந்து சக்கரத்தடியில் கொட்டப்பட்டது. முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று தொட்டில் மாதிரி ஆட்டி வண்டியை வெளியே எடுத்தீர்கள். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் நாயை அவிழ்த்துக்கொண்டு போயே போய்விட்டீர்கள். இதைப் படிக்கும் யாருக்காவது எங்கள் தெருவில் பழுப்பு நாயோடு நடக்கும் அந்த இருவரைத் தெரிந்தால் சொல்லுங்கள், அவர்களுக்கு ஒரு டப்பா முறுக்கு பாக்கி இருக்கிறது.

அடுத்து வாசல். முந்தைய ஆண்டு கவனம் பெற்ற உள்ளூர்ப் புதுப் பேண்டுகளை ஜனவரியில் ஒரே இரவில் மேடையேற்றுவது ஃபர்ஸ்ட் அவென்யூவின் வழக்கம். அன்றைக்கு வரிசை தெருமுனை திரும்பிப் போயிருந்தது. வாசலில் டிக்கெட் பார்த்த தம்பி அப்பாவின் நடையைக் கவனித்துவிட்டு எங்களை முன்னால் அழைத்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, தானாகவே விலகி வழிவிட்டார்கள். அந்தக் குளிரில் முன்னால் போக விட்டது சின்ன விஷயம் இல்லை. உள்ளே அநேகமாக எல்லோரும் நின்றுகொண்டே கேட்கும் இடம். உங்களில் ஒருவர் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தேடி எடுத்துவந்து, ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் தடுப்பை ஒட்டிப் போட்டீர்கள். முன்னால் யாரும் நின்று மறைக்காத இடமாகப் பார்த்துப் போட்டீர்கள், அதுதான் பெரிய விஷயம். இன்னொருவர் காதடைப்பான் கொண்டுவந்து கொடுத்தீர்கள். இசை நடக்கும் பார்களில் அதை இலவசமாக வைக்க வேண்டும் என்று இந்த நகரத்தில் 2014இல் விதியே போட்டிருக்கிறார்கள். குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தே அப்பாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. இப்படியும் ஒரு விதி உண்டா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி உள்ளே போகும்போதே சொல்லியிருந்தேன். 1937இல் கிரேஹவுண்ட் பேருந்து நிலையமாகக் கட்டியது. பேருந்துகள் வேறிடம் போன பிறகு 1970 ஏப்ரலில், ஜோ காக்கர் கச்சேரியோடு, இசை அரங்கமாகத் திறந்தது. அப்போது பெயர் தி டிப்போ. 1980இல் பக்கத்திலேயே செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி என்று சுமார் 250 பேர் நிற்கும் சின்ன அறை ஒன்றும் வந்தது. இந்தப் பக்கத்து ஹஸ்கர் டூ, ரீப்ளேஸ்மென்ட்ஸ் மாதிரியான பேண்டுகள் அங்கே வாசித்துத்தான் வளர்ந்தார்கள். அப்பாவுக்கு இதில் பிடித்தது ஒன்றே ஒன்று. "பஸ் ஸ்டாண்டா இருந்ததா! நம்ம ஊர்லயும் முக்காவாசிக் கச்சேரி பஸ் ஸ்டாண்ட் முன்னாடிதானே நடக்கும்" என்று சிரித்தார்.

வெளிச்சுவரில் இங்கே வாசித்தவர்களுடைய பெயர்கள் வெள்ளி நட்சத்திரங்களில் எழுதியிருக்கும். அதில் ஒன்று மட்டும் தங்க நிறம், பாடகர் பிரின்ஸுக்கு. இந்த ஊரில் பிறந்து, 1983 ஆகஸ்ட் 3 அன்று மினசோட்டா நடனக் குழுவுக்கு நிதி திரட்ட இதே மேடையில் வாசித்தார். அன்று பதிவான பாட்டுகள் சில மறு ஆண்டு உலகம் முழுக்கப் போன அவருடைய ஆல்பத்தில் அப்படியே இடம்பிடித்தன. 2016இல் அவர் இறந்த பிறகுதான் நட்சத்திரம் பொன்னிறமானது. அதைக் காட்டியபோது அப்பா கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டார்.

இனி மேடை. யாரை விட்டாலும் மேடை வேலை பார்த்த பிள்ளைகளை விட்டுவிடாதே என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கறுப்புச் சட்டை போட்ட உங்களைத்தான் சொல்கிறேன். ஒரு பேண்ட் முடிந்ததும் பெரிய திரை இறங்குகிறது. அதில் படங்கள் ஓட, பின்னால் நீங்கள் ஒரு டிரம் செட்டை எடுத்து இன்னொன்றை வைக்கிறீர்கள், வயர்களைச் சுருட்டி மாற்றுகிறீர்கள், மைக்கில் 'செக் செக்' என்று குரல் கேட்கிறது. காபி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் தயார். திரை மெல்ல மேலே ஏற ஏற முதலில் செருப்பும் ஷூவும் தெரிகின்றன, அப்புறம் டிரம்ஸின் வயிறு, அப்புறம் கிட்டார்கள், கடைசியில்தான் முகங்கள். ஒவ்வொரு தடவையும் முகம் தெரிவதற்கு முன்பே அப்பா கை தட்டினார். அவர் காலத்தில் மைக்செட்காரரும் எடுபிடிப் பையன் ஒருவனும்தான் இவ்வளவையும் பார்க்க வேண்டும். பாட்டுக்காரருக்கு மாலை விழும், அந்தப் பையனுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்றுகூட யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அப்பா உங்களை மறக்காமல் சொல்லச் சொன்னார்.

ஒலிமேசையில் இருந்த அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இரண்டாவது பேண்ட் வாசிக்கும்போது அப்பாவின் இடது கை விரல்கள் தடுப்புக் கம்பியில் ஓடுவதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எந்த விரல்கள் என்று பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. பேஸுக்கு உரிய பட்டையை விரலால் காட்டி, லேசாக மேலே தள்ளி, அவரைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். மார்புக்குள் அது வந்து இறங்கியதை நானே உணர்ந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்பாவை ஒருவர் வாசிப்பவராகப் பார்த்தார்.

எல்லாம் ராக் மட்டும் இல்லை. ராப் பாடியவர் இருந்தார், ஒற்றைக் கிட்டாரோடு வந்து பாடிய பெண்ணும் இருந்தார். எல்லாமே எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன். ஒரு பேண்ட் பாட்டைக் குரலே கேட்காத அளவுக்குச் சத்தத்தில் புதைத்துவிட்டது. ஆனால் அப்பா கேட்ட ஒரு கேள்விதான் இன்னும் என் மனதில் ஓடுகிறது. "இதெல்லாம் இவங்க சொந்தப் பாட்டா? சினிமாப் பாட்டே கேக்க மாட்டாங்களா ஜனங்க?" அப்பாவின் ஆர்கெஸ்ட்ரா குழுவுக்கு இசைத்தட்டில் இருப்பதை அச்சு அசலாக மேடையில் கொண்டுவருவதுதான் பெருமை. அதில் உள்ள உழைப்பு சாதாரணம் இல்லை, ஒரே ஒரு கீபோர்டில் நாற்பது வயலின் கேட்க வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் குழுவில் பாட்டுக் கட்டத் தெரிந்தவரும் இருந்தார். கட்டிய பாட்டை வாசிக்க அவருக்கு ஒரு மேடை கிடைக்கவில்லை. இங்கே இருபது வயதுப் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை வாசிக்கிறார்கள், ஊர்க்காரர்கள் குளிரில் வரிசையில் நின்று வந்து கேட்கிறார்கள், சில பாட்டுகளைக் கூடவே பாடவும் செய்கிறார்கள். அப்படிக் கேட்க வந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. உங்களால்தான் அந்தப் பிள்ளைகள் அடுத்த பாட்டை எழுதுகிறார்கள்.

மூன்றாவதாக வந்த பேண்டின் பேஸ் கிட்டார் பெண்ணே, உனக்கு. வாசித்து முடித்த கையோடு டி-ஷர்ட் விற்கும் மேசைக்கு வந்து நின்றாய். களைத்திருந்தாய், தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாய். அப்பா தன் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்ததும் மேசையைச் சுற்றி வந்து அவர் நாற்காலி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாய். புதுக் கம்பி வேண்டுமென்றால் சென்னைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், விலையும் கட்டாது, அதனால் பழைய கம்பிகளைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுவோம் என்று அவர் சொன்னார். நீ "நானும் அதையேதான் செய்கிறேன்!" என்று கத்தியே விட்டாய். வியர்வையும் அழுக்கும் போய்க் கொஞ்ச நாளைக்குக் கம்பி பளிச்சென்று பேசும் என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் எனக்கு விளக்கினீர்கள். எந்தப் பாத்திரத்தில் கொதிக்க வைப்பது, வீட்டில் அதற்கு என்ன திட்டு கிடைக்கும் என்பதுவரை பேச்சு போனது. அம்மாவின் இட்லிச் சட்டி நாசமான கதை எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு விரல் நுனிகளை நீட்டிக் காட்டினாய். அப்பாவும் காட்டினார். உன்னுடையது காய்த்திருந்தது, அவருடையது மெத்தென்று ஆகிவிட்டது. அதை நீ தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப வாசித்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றாய். மேடைத் தரையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசைத் தாளைப் பிய்த்துக் கொண்டுவந்து கொடுத்ததற்கும் நன்றி. இப்போது அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

கடைசியாக, நேரில் பார்க்காதவர்களுக்கும் சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் இந்த இடம் திவாலாகி மூடப்பட்டது. அதை மீட்டு அந்த மாதமே திறந்தவர்கள் இருக்கிறார்கள். 2020இல் கொரோனாவில் நாடு முழுக்க அரங்குகள் இருண்டு கிடந்தபோது, ஃபர்ஸ்ட் அவென்யூவை நடத்தும் டேனா ஃபிராங்க் மற்ற தனியார் அரங்கக்காரர்களை ஒன்று சேர்த்து வாஷிங்டனில் போராடினார். மினசோட்டா செனட்டர் ஏமி குளோபுச்சரும் டெக்சஸ் செனட்டர் ஜான் கார்னினும் கட்சி பார்க்காமல் மசோதா கொண்டுவந்தார்கள். அந்த டிசம்பரில் 1,500 கோடி டாலர் உதவி சட்டமானது. அதற்காகக் கையெழுத்துப் போட்டவர்கள், தொகுதி உறுப்பினருக்குப் போன் போட்டவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அந்த வேலையை நீங்கள் செய்திருக்காவிட்டால் அப்பாவை நான் எங்கே கூட்டிப் போயிருப்பேன்?

ஈகன் அக்கா, கோட்டைச் சலவைக்குக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுவருகிறேன். பூட்ஸை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா? மார்ச்சில் ஊருக்குக் கிளம்பும் முன் செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரியில் ஒரு கச்சேரி கேட்க வேண்டும் என்கிறார் அப்பா. அந்தப் பெண்ணின் பேண்ட் வாசிக்கும் தேதி தெரிந்ததும் சொல்கிறேன், நீங்களும் மாமாவும் கட்டாயம் வர வேண்டும். பழைய பேஸ் கிட்டார் யாராவது விற்பதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கம்பி எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
தெற்கு மினியாபொலிசிலிருந்து ஒரு மகள்