சுந்தரத்துக்குக் கடலைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்ட படத்தைப் பார்த்தோம். அப்படியே உன் அம்மா ஜாடை. கோவில்பட்டிப் பக்கம் மழையை நம்பி விதைப்பதா வேண்டாமா என்று நீ தவிப்பதைப் படித்துவிட்டு எனக்கும் மனசு கேட்கவில்லை. இங்கே கடலூரில் எல்லோரும் நலம்.

கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி போட்டிருக்கிறாய். "கடல் தன் போக்கில் சூடாகிறது, குளிர்கிறது. மழையும் வறட்சியும் அதன் பின்னால் வருகின்றன. தாத்தா காலத்திலும் இதுதானே நடந்தது? மனிதன் இதில் என்ன செய்துவிட்டான்?" முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த பாதியைத்தான் விட முடியவில்லை.

தாது வருடப் பஞ்சத்தையே எடுத்துக்கொள். 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறு ஆண்டு பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடேறி, எல் நினோ என்று சொல்லும் நிலை மிக வலுவாக உருவாயிற்று. தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியைக் கைவிட்டது. வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே காலத்தில் மண் வெடித்துக் கிடந்தது. இரண்டு கண்டங்களின் பட்டினிக்குப் பின்னால் ஒரு கடல் இருந்தது என்பது அன்று யாருக்கும் தெரியாது. நிலக்கரிப் புகையின் கரியமில வாயு காற்றில் பெரிதாகச் சேராத காலம் அது. அந்த வறட்சி கடலின் இயல்பான ஊசலாட்டம்தான்.

ஆனால் வறட்சி வேறு, சாவு வேறு. பஞ்சம் தலைவிரித்தாடியபோதும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு) தானியம் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படிப் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியது. அந்தக் கரையோரம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பிறகு வந்தவர் கில்பர்ட் வாக்கர், கணித மேதை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி, உலகெங்கிலும் இருந்து காற்றழுத்தப் பதிவுகளைத் திரட்டினார். இந்தியப் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் பசிபிக் பக்கம் இறங்குகிறது, பிறகு இது தலைகீழாகிறது என்று கண்டார். அது கடல்நீரின் சூட்டோடு பிணைந்தது என்று காட்ட 1969இல் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் வர வேண்டியிருந்தது.

வகுப்பில் படம் போட்டுச் சொல்வேனே, அதையே உனக்கும் சொல்கிறேன். பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வியாபாரக் காற்று, பசிபிக்கின் சூடான மேல்நீரை மேற்கே தள்ளி இந்தோனேசியா பக்கம் குவிக்கிறது. அங்கே கடல் மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். பெரு நாட்டுக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு மேலேறி வருவதால் நெத்திலி மலிகிறது. காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே பரவும், மழைமேகமும் கூடவே போய்விடும், நமக்கு ஆடி மழை மெலியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு எல் நினோ பெரும்பாலும் சாதகம். 2015இல் வெள்ளம் பார்த்தோம். அது ஓய்ந்த மறு ஆண்டு, 2016இல், வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் குறைந்துபோனது. நீ விதைப்பை முடிவு செய்யும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எல் நினோவில் கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. ஒரு பையில் இருக்கும் பணம் மறு பைக்குப் போவது போல. மொத்தத் தொகை கூடாது. பூமி இப்போது சூடாவதற்குக் கடலின் ஊசலாட்டம் மட்டுமே காரணம் என்றால், காற்று சூடாகச் சூடாகக் கடல் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை, இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. மனிதன் காற்றில் ஏற்றிய கரியமில வாயு பிடித்துவைப்பதால் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கடலுக்குள்தான் போய் இறங்குகிறது.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பாய். ஆர்கோ என்ற மிதவைகள் உலகக் கடல்களில் ஏறக்குறைய நான்காயிரம் மிதக்கின்றன. ஓர் ஆள் உயரக் குழாய்தான். ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு ஒன்பது நாள் போல அலையும். பிறகு இரண்டாயிரம் மீட்டர் வரை போய், அங்கிருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலேறி வந்து, செயற்கைக்கோளுக்குக் கணக்கைச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். நம் நாட்டு மிதவைகளை ஹைதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் மையம் கவனிக்கிறது. யாருமில்லாத இருட்டில் இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

ஊசல் இனியும் ஆடும், சுந்தரம். ஆனால் முன்னைவிடச் சூடான கடலில் ஆடும். உன் பேத்தி பார்க்கப்போகும் எல் நினோ, தாது வருடத்து எல் நினோவாக இருக்காது. அதனால்தான் "தாத்தா காலத்திலும் இதுதானே" என்று நீ எழுதியதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து மழைக்கணக்கு எழுதுவாரே, அந்த நோட்டுகள் பரணில் இருந்தால் எடுத்து வை. பெரிய எல் நினோ வந்த 1982, 1997 ஆகிய ஆண்டுகளின் ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். பொங்கலுக்கு வரும்போது மற்றவற்றை நானே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கணேசன்